சிவப்புக் காரில் கழற்றிய சாமான்கள்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மகன் உமாசுதனுக்கு,

நீயும் மயூரியும் ரொறன்ரோவில் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனம்தான் இரண்டு கிழமையாகக் கொதிக்கிறது. போனில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். தாளை வெட்ட முடியாது. கடைசி வரி வரை வாசி, மயூரிக்கும் வாசித்துக் காட்டு.

சிவப்புக் காரைச் சேர்விஸுக்கு விடுங்கோ, கிஷாந்த் பார்ப்பான் என்று சொன்னது நீ. உன்னோடு படித்த பிள்ளை, பாமன்கடையில் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறான் என்று நம்பி நானே ஓட்டிப்போய்த் திறப்பைக் கொடுத்தேன். எண்ணெய் மாற்ற ஒரு பகல் போதும், அவன் ஐந்து நாள் வைத்திருந்தான். எடுக்கப் போனால் கார் நிலத்தோடு படுத்துக் கிடக்கிறது. சைலன்சர் இருந்த இடத்தில் புட்டுக்குழலைவிடப் பெரிய குழாய். முன்சீற் இரண்டையும் கழற்றிவிட்டு, இரு பக்கமும் மதில் கட்டியதுபோல ரேஸ்காரர் இருக்கிற சீற் பூட்டியிருக்கிறான். "அன்ரி, ஏறிப் பாருங்கோ, இனிச் சும்மா பறக்கும்" என்று பல்லைக் காட்டினான். எங்கே பறக்க, தம்பி, மரக்கறிக் கடைக்கா என்று கேட்டேன். அதன் பிறகுதான் உண்மை வந்தது. சாமான் எல்லாம் நீ கனடாவிலிருந்து பெட்டியில் அனுப்பியது, டிசம்பரில் வந்து மூன்று கிழமை ஓடுவதற்கு. "அம்மாட்டச் சொல்லாதை, சேர்ப்ரைஸ்" என்று அவனுக்குச் சொல்லியும் வைத்திருக்கிறாய். மிச்சம் நாற்பத்தொன்பது கிழமையும் அந்தக் காரை ஓடுகிறது யார் என்று உனக்கு ஒரு கணம் தோன்றவில்லையா? அப்பா கண்மூடிய பிறகு அது என் பெயரில் இருக்கிறது. என் கால்களும் அதுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் காலி வீதியில் பொலிஸ் மறித்தது. சார்ஜன்ட் குனிந்து என் நரைத்த கொண்டையைப் பார்த்துவிட்டு, "அம்மே, ரேஸ் எக கொஹேத?" என்று சிங்களத்தில் கேட்டான். ரேஸ் எங்கே நடக்கிறதாம். பக்கத்தில் நின்ற பஸ்ஸே சிரித்தது. லைசென்ஸ் எடுத்து நாற்பத்துமூன்று வருடத்தில் என்னை ஒருவன் கைகாட்டி நிறுத்தியதில்லை. ஒழுங்கைக்குள் திரும்ப எல்லாப் பல்கனியிலும் தலைகள். பிளாட்டின் சரிவில் இறங்கும்போது காரின் வயிறு உரசிய சத்தத்தில் வாச்சர் ஓடிவந்தான்.

இவ்வளவையும் நான் பொறுத்திருப்பேன். பேர்ணடெற்றுக்கு நடந்ததைப் பொறுக்க மாட்டேன். கொன்வென்ற்றில் பத்து வருடம் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். செவ்வாயும் வெள்ளியும் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவளை ஏற்றி, இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரியில் விட்டு, நாலு மணி நேரம் காத்திருந்து திரும்பக் கொண்டுபோய் விடுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அந்தச் செவ்வாய் போகும்போது எப்படியோ உள்ளே சரிந்து இருந்துவிட்டாள். திரும்பி வந்து அவள் வாசலில் இறங்க முடியவில்லை. சிகிச்சை முடிந்து சோர்ந்துபோன உடம்பு, கிடங்குபோல ஆழமான சீற். நான் இழுத்தேன், முடியவில்லை. கடைசியில் சந்தியிலிருந்து இரண்டு ஓட்டோக்காரர் வந்து தூக்கி எடுத்தார்கள். ஊசி ஏற்றுகிற கை மதிலில் அடிபட்டு நீலமாகக் கன்றிவிட்டது. தெரு பார்த்துக்கொண்டு நிற்க அவள் சிரித்தாள். "என்ன ஜெகா, இப்பவே பெட்டியில ஏத்திப் பாத்தனீயோ?" என்றாள். பிறகு, "வெள்ளிக்கிழமை நான் ஓட்டோவில போறன், நீ கஷ்டப்படாதை" என்றாள். அந்த வெள்ளி அவள் தனியே போனாள். நான் வீட்டில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன்.

சனிக்கிழமை பாமன்கடைக்குக் கிஷாந்திடம் போனேன். கழற்றியதையெல்லாம் தா என்றேன். "பழசு எல்லாத்தையும் இரும்புக்காரன் கொண்டு போட்டான், அன்ரி" என்றான். திரும்பிப் பார்த்தால் அவனுடைய ஒபிசில் என் இரண்டு சீற்றும் சோபாவாகப் போட்டிருக்கிறது, ஒன்றில் ஒரு பெடியன் கால்மேல் கால் போட்டுத் தேத்தண்ணீர் குடிக்கிறான்! எழும்பும் தம்பி, அது என்ர சீற் என்றேன். கோப்பையோடு எழும்பினான். இரண்டையும் கிஷாந்தே தூக்கி ஓட்டோவில் ஏற்றினான்.

மற்றச் சாமான்களுக்கு அப்பாவிடம்தான் போகவேண்டியிருந்தது. கராஜ்காரர் யாரையும் நம்பாத மனிதர், மாற்றிய ஒவ்வொன்றையும் கையோடு வாங்கிவந்து, பேப்பரில் சுற்றி, திகதியும் ஓடிய மைலும் நீலப் பேனாவால் எழுதிக் கட்டிலுக்கு அடியில் வைப்பாரே. வீடா பழைய இரும்புக் கடையா என்று எத்தனை வருடம் கத்தியிருப்பேன். கொட்டாஞ்சேனையில் அப்பா முந்திக் கார் வேலை கொடுத்துவந்த மெக்கானிக் மர்ஸூக்கைக் கூப்பிட்டுப் பொதிகளை அவிழ்க்கச் சொன்னேன். ஸ்பிரிங் நாலும் இருந்தன. "நாகேந்திரம் ஐயா அவசரப்பட்டு மாத்தினது, இது இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார். சைலன்சரில் ஓர் ஓட்டை, அதற்கு ஒட்டு வைத்தார். திங்கள் பின்னேரம் கார் எழும்பி நின்றது. செவ்வாய் காலை பேர்ணடெற்றின் வாசலில் ஹோர்ன் அடித்தேன். பத்து நிமிடம் அவள் வரவில்லை. நானும் போகவில்லை. பிறகு வந்து, சீற்றைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஏறினாள். இறங்கும்போது யாரும் பிடிக்கவில்லை.

உன் சாமான் எதையும் நான் இரும்புக்காரனுக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் துடைத்து, பேப்பரில் சுற்றி, திகதி எழுதி, நீ வந்தால் படுக்கிற கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மைல் எழுதவில்லை, அவை அவ்வளவு தூரம் ஓடவில்லை. டிசம்பரில் வா. வந்து முதல் செவ்வாய் காலை ஐந்தரைக்கு எழும்பி, அந்தக் காரை அப்படியே ஓட்டிப்போய்ப் பேர்ணடெற்றை ஏற்று. அவளுடைய கையைப் பார். மன்னிப்பை அவளிடம் கேள், என்னிடம் வேண்டாம். கிஷாந்துக்கு இனிப் போன் எடுக்காதே. என் காரைப் பற்றி எதுவானாலும் என்னைக் கேள், மாட்டேன் என்று சொல்லும் உரிமையோடு நான் பதில் சொல்வேன்.

மயூரிக்கு இருமல் விடவில்லை என்றாய், கொத்தமல்லி அவித்துக் கொடு. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க என் ஆசீர்வாதம். கோபம் தீரவில்லை, அதற்காக ஆசீர்வாதத்தைக் குறைக்கவில்லை. வரும்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கத் துணிவோடு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெகதீஸ்வரி நாகேந்திரம்