மனுவில் மூன்றாவது பெயர்

நீடாமங்கலம்
9.2.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மதிவதனிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அடிலெய்டில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். போனில் பேசலாம்தான். ஆனால் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் நீ குரலை உயர்த்துகிறாய், நான் அதைவிட உயர்த்துகிறேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அதனால் காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கடைசி வரை படி, இடையில் போன் செய்யாதே.

சம்பா பாதி அறுத்தாயிற்று, மீதிப் பாதி வயலில் சாய்ந்து கிடக்கிறது. முந்தாநாளிலிருந்து வானம் மூடிக்கொண்டு நிற்கிறது, பெய்யவும் மாட்டேன் என்கிறது, வெளுக்கவும் மாட்டேன் என்கிறது. இந்த ஒரு பத்தி எழுதுவதற்குள் நான்கு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தார்ப்பாய்க்குள் முடங்கிக் கிடக்கின்றன. ஈரப்பதம் பார்க்கும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, பதினேழுக்கு மேலே காட்டுகிறது, காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். தாவரவியல் எம்.எஸ்சி., முதல் வகுப்பு. எனக்குப் பின்னால் வந்தவர்கள் நிரந்தரமாகி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஐம்பத்துநான்கு வயதில் இன்னும் பருவகாலப் பட்டியல் எழுத்தர். நீயும் அங்கே தானிய ஆய்வுக்கூடத்தில் ஈரப்பதம்தான் பார்க்கிறாய் என்று அம்மா சொன்னாள். அதற்கு அந்த நாட்டில் திறன்மிக்க பணி என்று பெயராம். இங்கே அதே வேலைக்கு எனக்கு என்ன பெயர் கிடைக்கிறது என்று வந்து கேட்டுப் பார்.

உன் கம்பெனி உனக்கு ஸ்பான்சர் செய்ய ஒப்புக்கொண்டது சந்தோஷம். அதை நீ அம்மாவிடம் சொல்லி, மூன்று நாள் கழித்து அம்மா என்னிடம் சொன்னாள், அது போகட்டும். குரூப் டூ எழுது என்று நான் தலையால் அடித்துக்கொண்டபோது கேட்காமல் விமானம் ஏறியதும் போகட்டும். இப்போதுள்ள விசா மார்ச் இருபத்தொன்றோடு முடிகிறது, அதற்குள் இங்கிருந்து போலீஸ் சான்று வந்தால்தான் வேலை விசாவுக்கான விண்ணப்பம் செல்லும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நீ சொன்னாய். அந்தப் பழைய வழக்கைப் பற்றி அப்பா கைப்பட எழுதிய விளக்கம் ஒன்று வேண்டும் என்று உன் ஏஜென்ட் கேட்கிறார் என்றாய். மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். கோபத்தில் போனை வைத்தாய். நான் ஏன் தள்ளிப்போட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதக் கடைசியில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு மீரா உசேன் கூப்பிட்டார். சார், பாப்பா வெரிஃபிகேஷன் வந்திருக்கு, நல்ல விஷயம்தான், ஆனா கம்ப்யூட்டர்ல பேரத் தட்டுனா ஒரு கேஸ் வந்து நிக்குதே, என்னா சார் இது என்றார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. 2018இல் மேட்டூர் தண்ணீர் வந்த மூன்றாம் நாள் வாய்க்கால் தலைப்பில் நடந்த தகராறுதான் அது. உன் தாத்தா தண்ணீர் முதலில் பாயும் தலைமடை நிலத்தை உன் சித்தப்பா பரிதிக்குக் கொடுத்தார், கடைசியில் பாயும் கடைமடையை எனக்குக் கொடுத்தார், படித்தவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று காரணம் சொன்னார். படித்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது. அன்றைக்குப் பரிதி பலகையைப் போட்டுத் தண்ணீரை மறித்தான், நான் பிடுங்கி எறிந்தேன், அவன் என் சட்டையைப் பிடித்தான், அவன் பெண்டாட்டி அம்சம் மண்வெட்டியோடு வந்து கத்தினாள். அவ்வளவுதான், ஒருவருக்கும் காயம் இல்லை. நான் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன், மறுநாள் அவனும் எதிர்ப் புகார் கொடுத்தான், இரண்டுக்கும் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பிறகு ஊரில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பேசி முடித்தால் முடிந்தது என்றே நாம் நினைப்போம், ஸ்டேஷனுக்குப் போய் அதை எழுத்தில் முடித்துவிட்டு வர ஒருவருக்கும் தோன்றாது. அப்படி இரண்டு எஃப்.ஐ.ஆரும் ஏழு வருடமாக அங்கேயே கிடக்கின்றன. அவனுடைய எதிர்ப் புகாரில் முதல் பெயர் நான், இரண்டாவது உன் அம்மா, மூன்றாவது நீ. நீ அன்று மாடியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். இல்லாத ஒரு பெண்பிள்ளையைக் கேஸில் இழுத்துவிட்டான் பாவி என்று உன்னிடம் இத்தனை வருடம் சொல்லி வந்தேன், நீயும் நம்பினாய்.

ஸ்டேஷனில் மீரா உசேன் இரண்டு புகாரையும் எடுத்து மேசைமேல் வைத்தார், என்னுடையதைப் படித்தார், பிறகு அவனுடையதைப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சார், ரெண்டும் ஒரே ஆள் எழுதுன மாதிரியில்ல இருக்கு என்றார். வாங்கிப் பார்த்தேன். 'மேற்படி நபர்கள் முன்விரோதம் காரணமாக ஒன்றுகூடி, என் வாழ்வாதாரமான நீரைத் தடுத்து' என்று நான் எழுதிய வாக்கியம் ஒரு சொல் மாறாமல் அவன் மனுவில் இருந்தது. நான் எழுதிய மனு அந்தச் சமயத்தில் எனக்கே அவ்வளவு பிடித்திருந்தது மதி. நான்கு நகல் எடுத்து ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்தேன், டீக்கடையில் உரக்கப் படித்தும் காட்டினேன். அதில் ஒன்று அவன் கைக்குப் போயிருக்கிறது. எட்டாவது வரை படித்தவன், யாரையோ வைத்து வரிக்கு வரி பார்த்து எழுதி, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். அவன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர், அம்சம் இருந்த இடத்தில் உன் அம்மா நீலாம்பாள், மூன்றாவதாக அவன் மகன் புகழேந்தி இருந்த இடத்தில் நீ.

ஆமாம், நான்தான் முதலில் புகழேந்தி பெயரை எழுதினேன். உனக்கு இதுவரை நான் அதைச் சொன்னதில்லை. அவன் அன்று ஊரிலேயே இல்லை, கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். நம் பக்கத்தில் மனு எழுதினால் வீட்டோடு எல்லார் பெயரையும் போடுவார்கள், இரண்டு பெயர் இருந்தால் குடும்பச் சண்டை, மூன்று பெயர் இருந்தால்தான் கும்பல். அதை நானும் தெரிந்துதான் செய்தேன். 2022இல் அவன் போலீஸ் வேலைக்கு ஓட்டம், உயரம், பரீட்சை எல்லாம் தேறி, கடைசி விசாரணையில் இந்தக் கேஸ் வந்து நின்றது. பரிதி நம் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான், அண்ணே, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, புள்ள வாழ்க்க என்றான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்றேன். அவன் நின்ற நேரம் முழுவதும் பேப்பரைத் தாழ்த்தவில்லை. உன் அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை, ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. நீ அப்போது அங்கே படிக்கப் போகும் ஏற்பாட்டில் இருந்தாய். புகழ் இப்போது அறுவடை மெஷின் ஓட்டுகிறான்.

இரண்டு பக்கமும் புகாரைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால், மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பலாம், தம்பிய ஒரு வார்த்த பேசிக் கூட்டிட்டு வாங்க சார் என்று மீரா உசேன் சொன்னார். ஒரு வாரம் தூக்கம் இல்லை. சைக்கிளை எடுப்பேன், பரிதி தெரு முனை வரை போவேன், யாராவது எதிரில் வந்தால் நீடாமங்கலம் ஜங்ஷன் பக்கம் போவதுபோல் திருப்பிக்கொள்வேன். ரயில்வே கேட் மூடியிருக்கும், அங்கே நின்று மன்னை எக்ஸ்பிரஸ் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். கடைசியில் வியாழக்கிழமை உன் அம்மா, நீங்க போறீங்களா நான் போகட்டுமா, எனக்கு ஒன்னும் மானம் போயிடாது என்றாள். போனேன்.

அம்சம்தான் முதலில் பார்த்தாள். என்னா மாமா, வழி தவறிட்டீங்களா, உங்க வீடு அடுத்த தெருவுல்ல என்றாள். நான் விஷயத்தைச் சொன்னதும், எங்க புள்ளைக்குக் கேட்டப்ப பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க, இன்னிக்குப் பேப்பர் வரலையாக்கும் என்றாள். பரிதி கொல்லைப் பக்கமிருந்து கை கழுவிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரிண்ணே, எனக்குத்தான் எழுத வராதே, அன்னிக்கும் நீங்க எழுதுனதப் பாத்துத்தானே எழுதுனேன், இன்னிக்கும் நீங்களே எழுதுங்க, பேர மட்டும் மாத்தி நான் ஒன்னு எழுதிக்கறேன் என்றான். சிரிக்காமல்தான் சொன்னான், ஆனால் உள்ளே இருந்த அம்சம் சிரித்துவிட்டாள். கூடவே ஒன்று சொன்னான், எம் புள்ள அன்னிக்கு ஊர்லயே இல்லன்னு அதுல எழுதணும், மத்தது எப்படி வேணா எழுதிக்கங்க. அந்த நேரம் புகழ் வண்டியிலிருந்து இறங்கி வந்தான், உடம்பெல்லாம் வைக்கோல் தூசி. எனக்கு இனிமே என்னாத்துக்குப்பா அது, வயசு தாண்டிருச்சு, தங்கச்சிக்கு முடிச்சுக் குடுங்க, மார்ச் இருபத்தொன்னுதான் கடைசியாமே என்றான். உன் தேதி அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மதி வாராவாரம் பேசும் பெரியப்பா என்றான். நீ அவனோடு பேசுவதை என்னிடம் மறைத்தது எனக்குக் கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஒரு தடவைகூட அவனிடம் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பாதான் வந்து கேக்கணும்னு சொல்லிடுச்சு என்று அவன் சொன்னதும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் ஆறு பக்கப் புகார் எழுதிய கை இதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. முதலில் எழுதியதில் குற்றம் முழுக்கப் பரிதி மேல் வந்துவிட்டது, கிழித்தேன். அடுத்ததில் ஊர் வழக்கம், காலம், தண்ணீர்ப் பற்றாக்குறை என்று போயிற்று, அதை உன் அம்மாவிடம் படித்துக்காட்டினேன். புகழ் பேர யாரு எழுதுனதுன்னு மட்டும் வரலையே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்றாவது நேற்றுக் காலை எழுதினேன். பரிதியும் நானும் ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். போகும்போது அவன் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், திரும்பும்போது மழை வருமாண்ணே என்றான், வராது என்றேன். அவ்வளவுதான் பேச்சு. தலைமடைக் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை, அதை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அறிக்கை கோர்ட்டுக்குப் போய், ஏற்றுக்கொண்டு, கம்ப்யூட்டரில் மாறுவதற்குப் இருபது நாளும் ஆகலாம், ஐம்பது நாளும் ஆகலாம் என்கிறார் மீரா உசேன். மார்ச் இருபத்தொன்றாம் தேதிக்குள் வந்துவிடும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஸ்டேஷனில் கொடுத்த ரசீது நகலை இதோடு அனுப்புகிறேன், தாமதமானால் அதைக் காட்டி அவகாசம் கேட்க வழி உண்டா என்று ஏஜென்டிடம் கேள். படிவத்தில் வழக்கு உண்டா என்று கேட்கும் இடத்தில் உண்டு என்றே எழுது. கம்பெனி கொடுக்கும் காகிதம் எதுவாக இருந்தாலும் முழுதும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதே. ராத்திரி ஆய்வுக்கூடத்திலிருந்து தனியாக நடந்து வருவதை நிறுத்து, அம்மா அதை நினைத்தே புலம்புகிறாள்.

நீ கேட்ட விளக்கத்தைக் கடைசிப் பக்கமாகச் சேர்த்திருக்கிறேன். நான்கு வரிதான். என் மகள் அந்த இடத்தில் இல்லை, என் தம்பி மகனும் இல்லை, அவன் இல்லை என்று தெரிந்தே அவன் பெயரை நான் எழுதினேன், அதைப் பார்த்து என் மகள் பெயரை எழுதினார்கள் என்று இருக்கிறது. அப்பாவுக்கு அவமானம் என்று நினைத்து எதையும் அடிக்காதே, மொழிபெயர்ப்பவரிடம் பக்குவமாக மாற்றித் தரச் சொல்லாதே.

நினைத்த காரியம் கைகூடி, நீ யார் முன்னாலும் தலை குனியாமல் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். அந்தக் கடைசிப் பக்கத்தை நாளைக் காலையிலேயே ஏஜென்டிடம் கொடுத்துவிடு. இரண்டு நாள் கழித்து நான் மனம் மாறி வேறொன்று எழுதி அனுப்பினாலும் அனுப்புவேன். அதை வாங்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
இராஜாங்கம்