கில்லர் பத்தாத உடம்பு

துணி வெளுக்கும் மிஷினின் மூடியை இன்று திறந்தபோது பெராக்சைடு வாடை மூக்கைக் குத்தியது. தினமும் வருகிற வாடைதான். இன்று ஏனோ உங்கள் நினைவில் கண் கலங்கிவிட்டது மாமா.

புருசனும் பெண்டாட்டியுமாக இதே சாயப்பட்டறையில்தான் வேலை பார்த்தோம். நீங்கள் மிஷினில் நின்றீர்கள், நான் லேபில் இருந்தேன். வெளுத்த துணியில் மிச்சமிருக்கும் பெராக்சைடை முறிக்கக் 'கில்லர்' ஊற்றுவீர்கள். அது குறைந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒருநாள் ஒரு லாட் துணி முழுக்க அப்படி ஆகிவிட்டது. உங்கள் கை நடுங்கி, கில்லரில் பாதி தரையில் கொட்டியிருந்தது.

"காலைலயே தண்ணி போட்டுட்டு வந்துட்டானாட்ட இருக்குது" என்றார் மேனேஜர், எல்லோர் முன்னாலும். டீயைத் தவிர எதையும் தொடாத நீங்கள், தரையைக் கழுவினீர்கள்.

கோயம்புத்தூர் டாக்டர்தான் அது பார்க்கின்சன் என்றார். செல்லுக்குச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. அதிலுள்ள சில புரதங்கள் பழுதானால் எலக்ட்ரான் கசிந்து ஆக்சிஜனோடு சேரும், பெராக்சைடு போன்றவை உண்டாகும், அதை முறிக்கும் நொதிகள் ஈடுகொடுக்காவிட்டால் நரம்பு செல்கள் கெடும், இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று விளக்கினார்.

பெராக்சைடு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "அப்ப எம்பட ஒடம்புல கில்லர் பத்தலீங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"வெளியிருந்து ஊத்த முடியாதுங்களா?"

"அந்த மாதிரி மருந்தெல்லாம் குடுத்துப் பாத்தாங்க. நோய் நிக்கலை."

திரும்பும்போது பஸ்ஸில் உங்களுக்கு ஒரே நினைப்பு. "புள்ள, நடுக்கம் கொஞ்சம் அடங்கட்டும். நானே பட்டறைக்குப் போயி மேனேஜர்கிட்ட இதச் சொல்லோணும்." நடுக்கம் அடங்கவே இல்லை. நிமோனியா வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. மாலையோடு வந்த மேனேஜர், "நல்ல மனுசன், குடிதான் கெடுத்துருச்சு" என்றார். அழுதுகொண்டே மாலையை வாங்கி உங்கள் கால்மாட்டில் வைத்தேன். அந்த வார்த்தை இத்தனை நாளும் மனசை விட்டுப் போகவில்லை.

இன்று உங்கள் இடத்தில் நிற்கும் திருநெல்வேலிக்காரர், உங்களைப் போலவே கை நடுங்கி, கில்லர் இருந்த மக்கைத் தவறவிட்டார். மேனேஜர் அவரருகே போய் மோப்பம் பிடித்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"வாய மோந்து பாக்காதீங்க சார், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. எங்கூட்டுக்காரரு கடைசி வரைக்கும் ஒரு சொட்டு குடிச்சதில்லீங்க. அவரு கை நடுங்குனது வியாதிங்க."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு போனார். நீங்கள் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன் மாமா. பக்கத்தில் நின்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.