மூன்றாவது துறைமுகம்

பிப்ரவரி 3

வாலுவின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. ஆகவே, நலமா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் கத்தத் தொடங்கிவிடுகிறோம். வாலு கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். தனித்தனி வீட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆன பிறகும் இது தேவையா? அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஏப்ரல் விடுமுறையில் வாலுவுக்குப் பத்து வயது முடிகிறது. அவளைக் கப்பலில் சுற்றுலா அழைத்துப் போகிறேன். ஏழு இரவு, நான்கு துறைமுகம், எட்டாம் நாள் காலை திரும்பிவிடும். நானும் கப்பலில் ஏறியதில்லை, உங்களுக்கே தெரியும். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறேன். ஒரு வாரம் நானும் கொஞ்சம் தூரமாகப் பார்த்துவிட்டு வருகிறேனே.

குழந்தை அம்மாவோடு மட்டும் போனால் அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டுமாம். நோட்டரி முன்னால் போட்ட கையெழுத்து. மார்ச் 15க்குள் கப்பல் கம்பெனிக்குப் போய்ச் சேராவிட்டால் அவளை ஏற்ற மாட்டார்கள். படிவம் உள்ளே வைத்திருக்கிறேன். தயவுசெய்து இதை ஓர் ஆராய்ச்சி ஆக்காமல் போட்டு அனுப்புங்கள்.

வாலுவின் அம்மா


பிப்ரவரி 10

வாலுவின் அம்மாவுக்கு,

நலம். முழங்கால் மட்டும் சண்டித்தனம் செய்கிறது. லிஃப்ட் சோதிக்கிற வேலை என்று பெயர், பழுதான லிஃப்டைத் தேடி மாடிப்படி ஏறியே பாதி நாள் போகிறது.

ஆராய்ச்சி வேண்டாம் என்கிறாய். பத்து வயசுப் பெண்ணைக் கடலுக்குள் அனுப்பு என்று ஒரு காகிதம் வந்தால், பெற்றவன் நாலு கேள்வி கேட்க மாட்டானா? பயண ஏஜென்சிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் எனக்குத்தான் டிக்கெட் என்று நினைத்துக்கொண்டு, "ஹனிமூனுக்கா சார்?" என்று கேட்டாள். என் தலைமுடியைப் பார்த்தும் அப்படிக் கேட்கிறாள் என்றால் வியாபாரம் எவ்வளவு மந்தம் என்று பார்த்துக்கொள். கப்பலின் வரைபடம் ஒன்று வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன்.

எந்த அறை எடுத்திருக்கிறாய்? மேல் தளத்தில் பால்கனி அறை என்றால் உடனே மாற்று. உயரம் போகப் போக ஆட்டம் அதிகம். வாலு பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தாலே வாந்தி எடுப்பவள். கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி, அதுதான் சரி. 5114லிருந்து 5130 வரை நல்ல அறைகள். தலைக்கு மேலேயும் அறைகள்தான், ஆட்டம் போடுகிற கூடமோ சமையற்கட்டோ கிடையாது. லிஃப்டுக்குப் பக்கத்து அறை மட்டும் வேண்டாம், அந்தச் சத்தத்தை நான் அறிவேன். நீச்சல் குளத்தில் காவலுக்கு ஆள் இருப்பாரா? மிதவை உடை குழந்தைகள் அளவில் வைத்திருப்பார்களா?

நான்கு துறைமுகம் என்று எழுதினாய். எந்த நான்கு என்று எழுதவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. தெரிந்துகொண்டு போடுகிறேன் என்கிறேன்.

வாலுவின் அப்பா


பிப்ரவரி 16

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. வழக்கமான வரிசை.

பால்கனி அறைதான் பார்த்து வைத்திருந்தேன். காலையில் கதவைத் திறந்தால் நேரே கடல் என்று ஓர் ஆசை. வாலுவின் வயிற்றை நினைத்து மாற்றிவிட்டேன். 5122, வட்ட ஜன்னல். நீங்கள் சொன்னதுதான் சரி என்று அந்த ஏஜென்சிப் பெண்ணும் சொன்னாள், சந்தோஷமா? குளத்துக்குக் காவல் உண்டு. மிதவை உடையும் உண்டு, ஏறிய அன்றே எல்லோரையும் நிற்க வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். வாலு இப்போதே தலையணையை மாரில் கட்டிக்கொண்டு வீடு முழுக்கப் பயிற்சி செய்கிறாள். என்னையும் விடுவதில்லை.

துறைமுகம் கேட்டீர்கள். முதலாவதில் ஒரு கோட்டை. இரண்டாவது தீவு, மணலைத் தவிர ஒன்றுமில்லை. மூன்றாவது என் அண்ணன் இருக்கும் ஊர். நான்காவதில் கடைவீதி. மூன்றாவதில் கப்பல் எட்டு மணி நேரம் நிற்கும். அண்ணன் வந்து அழைத்துப் போவார், சாப்பிட்டுவிட்டு வந்து ஏறிக்கொள்வோம். அவ்வளவுதான்.

இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. கையெழுத்தை அனுப்புங்கள்.

வாலுவின் அம்மா


பிப்ரவரி 25

வாலுவின் அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வாலு என்னிடம் வந்திருந்தாள். மேசையில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். திடீரென்று, "அப்பா, மாமா ஊர்ல லிஃப்ட் நிறைய இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும், ஏன் என்றேன்.

"அப்ப நீங்களும் அங்கயே வேலைக்கு வந்துடலாம்ல? அம்மா அங்க கண்ணாடிக் கடைக்குப் போயிட்டா நான் தனியா என்ன பண்றது?"

நான் ஒன்றும் துருவவில்லை. அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். மாமா போனில் பேசினாராம், இவள் ஒட்டுக் கேட்டாளாம். பள்ளிக்கூடம் மாமா வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளியாம். சீருடை பச்சை நிறமாம். "நான் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளை உன் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வண்டி ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்திக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்றாவது துறைமுகத்திலிருந்து கப்பல் நீங்கள் இல்லாமல் கிளம்பும். எட்டாம் நாள் நான் கரையில் நின்றுகொண்டு, கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்கு என் கையெழுத்தையே கேட்கிறாய். நானும் ஒரு முட்டாள், அறை எண்ணைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட மாட்டேன்.

அவளைத் திட்டாதே. அவள் மேல் தப்பில்லை.


மார்ச் 2

உங்களுக்கு,

ஆமாம். மறைத்துப் பிரயோசனமில்லை. அண்ணன் அங்கே ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை பேசி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலும் விசாரித்திருக்கிறார். இறங்கிய பிறகு உங்களுக்கு எழுதலாம் என்றிருந்தேன். முன்னால் கேட்டிருந்தால் நீங்கள் சம்மதித்திருப்பீர்களா? மாட்டீர்கள், மறுத்தும் பேச மாட்டீர்கள், கேள்வியாகக் கேட்டே வருஷத்தை ஓட்டியிருப்பீர்கள்.

பன்னிரண்டு வருஷம் நான் பூட்டிய கதவை நீங்கள் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தீர்கள். நான் அணைத்த அடுப்பைத் தொட்டுப் பார்த்தீர்கள். தோழி வீட்டுக்குப் போனால், போய்ச் சேர்ந்தேனா என்று தோழியிடமே கேட்டீர்கள். அடித்ததில்லை, திட்டியதில்லை. அதனால் யாரிடம் சொன்னாலும் "எவ்ளோ அக்கறையான மனுஷன், உனக்கு என்ன குறை?" என்றார்கள். என் சொல்லுக்கு உங்களிடம் ஒரு நாளும் மதிப்பு இருந்ததில்லை, அதுதான் குறை. இப்போது நானே பொய் சொல்லி, நீங்கள் சோதித்ததெல்லாம் நியாயம் என்று ஆக்கிவிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வாலு பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கிவிட்டாள். அவள் பயணத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை. ஒன்று சொல்கிறேன். மூன்றாவது துறைமுகத்தில் இறங்கி, அன்றைக்கே திரும்ப ஏறுவேன். எட்டாம் நாள் அவளோடு வந்துவிடுவேன். இதற்கு என்னிடம் சாட்சி கிடையாது, ஜாமீன் கிடையாது, என் வாய்ச்சொல்தான் இருக்கிறது. நம்ப முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் ஆகாது.


மார்ச் 9

உனக்கு,

முதலில் நிபந்தனைகள் எழுதினேன். உன் அண்ணன் கையெழுத்து, தினமும் போன், கப்பல் அதிகாரியிடம் ஒரு கடிதம் என்று ஒன்பது வந்தன. வரிசையாகப் படித்துப் பார்த்தபோது, கதவை இழுத்துப் பார்க்கிறவனை நானே நேரில் பார்த்தேன். நன்றாக இல்லை. கிழித்துப் போட்டேன்.

நோட்டரியிடம் போய் வந்தேன். உள்ளே இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று கப்பலுக்கு. இன்னொன்று அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, அவளைச் சேர்க்க அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை என்று. "கப்பலுக்கு ஒண்ணு போதுமே சார், இது எதுக்கு?" என்றார் நோட்டரி. ரெண்டும் வேணும் என்றேன்.

நீ திரும்பி வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ரொம்ப ஆசை. ஆனால் வராமல் இருக்கப் போகிறாய் என்றால் திருட்டுத்தனமாக இறங்க வேண்டாம். அப்பாவை ஏமாற்றிவிட்டு ஓடி வந்தோம் என்ற நினைப்போடு அவள் வளரக் கூடாது. அப்பா தெரிந்துதான் அனுப்பினார் என்று அவளிடம் சொல்ல உன் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும்.

எட்டாம் நாள் கரைக்கு வருவேன். வந்தீர்களானால் பெட்டி தூக்குகிறேன்.

வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிடு.


ஏப்ரல் 24
அறை 5122

அன்புள்ள உங்களுக்கு,

இப்போது மாலை ஐந்தரை. மூன்றாவது துறைமுகத்தைவிட்டுக் கிளம்பி அரை மணி நேரம் ஆகிறது. நாங்கள் இருவரும் கப்பலில்தான் இருக்கிறோம்.

வாலு ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை, நான்தான் இரண்டு நாள் படுத்துவிட்டேன். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா உனக்கு மாத்திரை எழுதலையாம்மா?" என்று கேட்டாள்.

இன்று அவளை அண்ணியிடம் விட்டுவிட்டு, உங்கள் இரண்டாவது காகிதத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் படித்துப் பார்த்து, "அப்பா கையெழுத்தே இருக்கே, அப்புறம் என்ன? இப்பவே சேத்துடலாம்" என்றார். கூட வந்திருந்த அண்ணன், கப்பலிலிருந்து எங்கள் பெட்டியை இறக்கச் சொல்லத் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார். நான் தடுத்தேன். திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவருக்கு என் மேல் கோபம்.

ஆனால் புது வகுப்புக்கு இடம் எழுதிவைத்துவிட்டுத்தான் வந்தேன். கடையிலும் ஜூனில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் ஓடியே போயிருப்பேன். போட்டீர்கள், அதனால் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறேன். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் என் சொல்லை நம்பினீர்கள். இதைக் கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கக் கூடாதா? எழுத முடியாமல் அழுகை வருகிறது. வாலு நீச்சல் குளத்தில் இருக்கிறாள், நல்ல வேளை.

தபாலில் போட்டால் இந்தக் கடிதம் எங்களுக்குப் பிந்தித்தான் வரும். வாயால் சொன்னால் கத்திவிடுவோம். அதனால் கரையில் இறங்கியதும் உங்கள் கையில் கொடுக்கிறேன். படித்து முடித்ததும் நிமிர்ந்து பாருங்கள், எதிரில்தான் நின்றுகொண்டிருப்பேன். ஜூனில் போகிறோம் என்று வாலுவிடம் இன்னும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.