பைப்பின் அந்தப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய், விழுப்புரம்

திண்டிவனத்தில் பல் டாக்டர் புனிதாவின் கிளினிக் வேலை எனக்கே வந்தது. மாடியில் ஒரே வெளியூனிட், கீழே நாலு ரூமுக்கும் ஏசி. என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு நான் மட்டுமாகச் செய்யும் முதல் பெரிய வேலை.

அண்ணன் ஆனந்தராஜ் போனில், "பொம்பளை தனியா பண்ற வேலையா லூர்து இது? கடையைக் குடுத்துட்டு ஓமந்தூருக்கே வந்துடு" என்றார்.

"இது சரியா வரலன்னா வந்துடறேண்ணா."

வாய் சொல்லிவிட்டது.

ஜூன் 5, வியாழன்

பைப்பில் இருக்கும் காற்றை உறிஞ்சியெடுக்கும் வேக்கம் பம்பை அவர்தான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வார். இன்று அதற்கும் லக்கேஜ் டிக்கெட்.

நாள் முழுக்க காப்பர் பைப் இழுத்தேன். சாயங்காலம் "ஒரு விழுப்புரம்" என்று கண்டக்டரிடம் கேட்டபோதுதான் என் குரலே எனக்குக் கேட்டது.

ஜூன் 6, வெள்ளி

மாடியில் நாலு ஜோடி பைப் முனைகள். எது எந்த ரூம்? நான் ஒட்டிய டேப்பை எல்லாம் சீலிங் போட வந்தவர்கள் உரித்துப்போட்டிருக்கிறார்கள்.

அவர் இருந்தால் ஒவ்வொரு ரூமாகப் போய் ஸ்பேனரால் பைப்பை மூன்று தட்டு தட்டுவார். மேலே அந்தப் பைப் மட்டும் என் கையில் அதிரும், அந்த ரூமுக்கான இடத்தில் மாட்டுவேன். எல்லாம் முடிந்ததும் கூடுதலாக ஒரு தட்டு — சும்மா, என்னைச் சீண்ட.

இன்று யார் தட்டுவது? வரிசை ஞாபகம் இருக்கிறதென்று நானே மாட்டிவிட்டேன்.

ஜூன் 7, சனி

டாக்டர் ரூமில் ஏசி போட்டால் வெறும் காற்று. போடவே போடாத ஹால் ஏசியில் பனி பிடித்துச் சொட்டுகிறது. பைப் மாறிப்போச்சு.

"புதன்கிழமை திறப்பு. வேற ஆளைக் கூப்பிடட்டுமா?" டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். திட்டியிருக்கலாம். திங்கள் ஒரு நாள் மட்டும் கேட்டு வாங்கினேன்.

ஏங்க, இப்படி நடுவுல வுட்டுட்டுப் போனீங்களே — யாரைக் கீழ நிக்கச் சொல்றது நான்?

ஜூன் 8, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஏசி கேஸை வெளியூனிட்டுக்குள்ளேயே அடைத்துப் பைப்புகளைக் கழற்றினேன். கிளினிக் பெருக்க வந்த அம்மணியக்காவிடம் கூச்சத்தோடு ஸ்பேனரை நீட்டினேன். போனில் நான் சொல்லும் ரூமில் மூன்று தட்டு, அவ்வளவுதான்.

"கரண்ட் அடிக்காதேம்மா?"

"அடிக்காதுக்கா."

மேலே போய் வெறும் காப்பரைப் பிடித்தேன். டொக், டொக், டொக். கையில் வந்தது. மாட்டாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். அழுதேன். மாடியில் யார் பார்க்கப்போகிறார்கள்?

டாக்டர் ரூமும் ஹாலும்தான் மாறியிருந்தன. கடைசி நட்டை இறுக்கும்போது இன்னொரு தட்டு. நான் கேட்கவே இல்லையே. போன் போட்டேன்.

"டீ வாங்கியாந்தேன், ஆறிக்கினு இருக்குது. எத்தினி வாட்டி கூவுறது? அதான் தட்டுனேன்."

ஜூன் 14, சனி

நாலு ரூமிலும் ஏசி ஜில்லென்று ஓடுகிறதாம், டாக்டர் சொன்னார். அண்ணன் கூப்பிட்டபோது, கெடாருக்கு வேலைக்குப் போய்க்கினு இருக்கேன், அப்புறம் பேசறேன் என்றேன்.

பஸ்ஸில் வேக்கம் பம்ப் அம்மணியக்கா மடியில் இருந்தது. வழியெல்லாம் தன் மருமகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கெடார் வந்ததே தெரியவில்லை.