பதினோராவது வரிசை, ஏழாவது மரம்

முன்சிஃப் அண்ணா,

ஒலிவத் தோப்பில் என் பங்கை முழுசாகக் கொடு. அண்ணனிடம் இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தாள். கேட்டுவிட்டேன்.

அப்பாவின் பத்திரத்தில் உள்ள இரண்டு எல்லைக் கோடுகளையும் நேற்று சமன்பாடாக எழுதினேன். கிணற்றிலிருந்து கிழக்கே x மரம், வடக்கே y மரம். ஒரு கோடு x + y = 18, மற்றது x − y = 4. கூட்டினால் x பதினொன்று, y ஏழு. கோடுகள் வெட்டும் அந்த இடத்தில்தான் மூலைக்கல் இருக்க வேண்டும். இப்போது கல் எட்டாவது வரிசையில் நிற்கிறது. என் மூன்று வரிசை மரம் உன் பக்கம் போய்விட்டது.

"நாலு எழுத்து படிச்சிட்டு எனக்கே கணக்கு சொல்றியா? எங்கயாவது தப்பாப் போட்டிருப்ப, போடி" என்று சிரித்தாய். நானும் அப்படித்தான் நம்பினேன். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பதினோராவது வரிசையின் ஏழாவது மரத்தடியில் கல்லைப் பெயர்த்த குழி, மேலே புது மண். அங்கிருந்து உன் வண்டித் தடம். மாமாக்களோடு சண்டை போட்டு என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவன் நீதானே?

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூஸ்கூஸ் அடுப்பின்மேல் இருக்கிறது. வீட்டுச் சாவி ஜன்னலோரம்.

நஜ்லா

மிளகாய் விழுதைத் தனியாக வைத்திருக்கிறேன். உன் வயிற்றுக்கு ஆகாது, தொடாதே.

இனி நீ கல்லைத் திருப்பி நட்டாலும் சரி, நடாவிட்டாலும் சரி, நான் பத்திரத்தோடு ஸ்ஃபாக்ஸ் நீதிமன்றத்துக்குக் கிளம்பிவிட்டேன்.