பச்சைக் கோடும் ஒரு விரதமும்

மச்சான்,

பக்கத்து வீட்டில் இன்று சாம்பிராணி போட்டார்கள். வெள்ளிக்கிழமை என்பது என் மனைவிக்கு முன்பே என் நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது. இரைப்பு மருந்து பம்ப்பை வாயில் வைத்து இழுத்துவிட்டு, சன்னலைச் சாத்தி, உட்கார்ந்து தோளைத் தளர விட்டேன். உன் ஞாபகம் வந்தது.

குனோங் ராபாட்டில் நமக்கு ஒரே வரிசை வீடு. ஒரே குவாரிக்கு லோரி ஓட்டினோம். இரைப்பும் இருவருக்கும் உண்டு. ஆஸ்பத்திரியில் அந்த மூச்சுப் பயிற்சிக்கு நம்மைச் சேர்த்தே போட்டார்கள். கழுத்தோரம் கம்பியை ஒட்டினார்கள். தசை இறுகினால் திரையில் பச்சைக் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். நீயோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா, எறக்கி விடு" என்று வேண்ட வேண்ட, கோடு ஏறிக்கொண்டே போனது. சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கே சிரிப்பு.

"எறக்கப் பாக்காதீங்க அண்ணே. சும்மா மூச்ச மெதுவா விடுங்க. பம்ப்ப மட்டும் விட்றாதீங்க, இது அதுக்குத் தொணதான்," என்றார்.

சில வாரங்களில் பழகிவிட்டாய். சிவப்பு விளக்கில் லோரி நிற்கும்போதுகூடத் தோளைத் தளர்த்திக்கொள்வாய். இரைப்பு வந்தாலும் பதறுவதில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

கோடு இறங்கினால் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாய். தைப்பூச விரதம் தொடங்கியதும் கறி, மீன், பீர் எல்லாவற்றையும் விட்டாய். கூடவே பம்ப்பையும் விட்டாய்.

"கோடே எறங்கிருச்சு மச்சான். வெரதத்துல அது எதுக்கு லா? சாமி பாத்துக்கும்."

"சாமிக்கு ஒன்ன விட்டா வேற ஆளே இல்லியா? பம்ப்ப எடுத்து இழு லா," என்று கத்தினேன்.

"மூச்ச மெதுவா விடு மச்சான்," என்று சிரித்தாய்.

ஒரு மழைக் காலையில் உன் மனைவி, அதான் தங்கச்சி, ஓடிவந்து கூப்பிட்டது. நீ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பயிற்சியில் சொன்னபடியே மூச்சை மெதுவாக விடப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் பம்ப்பை உன் வாயில் வைத்தேன். அதை இழுக்க உன்னிடம் மூச்சு இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான். அந்தப் பயிற்சியை விடவும் மனம் வரவில்லை, அது எனக்கும் நல்லதுதான் செய்கிறது.

இந்த வருஷம் நானும் விரதம். பம்ப்பை விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இழுத்துவிட்டுத்தான் கும்பிடுகிறேன். கோயிலில் இரைப்புக்காரர் யாராவது, "வெரதத்துல பம்ப் எடுக்கலாமா அண்ணே?" என்று கேட்டால், உன் பெயரை மட்டும் சொல்கிறேன். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அவரவர் பம்ப்பை எடுத்துக்கொள்கிறார்கள்.