ஜோசப் வெட்டிய வரிகள்

சின்னமனூர்,
ஆடி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யுவராணிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஆக்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க சுருளி வேலப்பர் துணை இருக்கட்டும். போனில் முடிய வேண்டிய பேச்சைக் கடிதமாக எழுதுவதற்கு அம்மாதான் காரணம். அந்த ஆளு பேரை எடுத்தாலே நீங்க கத்துவீக, பிள்ளை அங்கன தனியாக் கெடந்து அழுகும், எழுதிப் போடுங்க, எழுதுறப்ப கத்த முடியாதுல்ல என்றாள். பார்ப்போம். இங்கே காற்று ஆளையே தள்ளுகிறது. அம்மாவின் முழங்காலைப் பார்த்த தேனி டாக்டர் படி ஏறவே கூடாது என்றார், வீட்டுக்கு வந்ததும் காய்ந்த துணி பறந்துவிடும் என்று முதல் வேலையாக மாடிக்குத்தான் ஏறினாள். ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சைக்குக் கவாத்து வெட்டி முடிந்து கொடி நன்றாகத் தளிர்த்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் முதல் கவிதைத் தொகுப்பில் பாதியை ஜோசப் சிவப்பு மையால் அடித்துவிட்டான் என்றும், இந்த மாதக் கடைசிக்குள் நீ ஒப்புக்கொள்ளாவிட்டால் புத்தகம் வராது என்றும் எழுதியிருந்தாய். உங்கள் மேல் இருக்கிற கோபத்தை என் மேல் காட்டுகிறாரா அப்பா, தொகுப்பைத் திரும்ப வாங்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். பதில் சொல்வதற்கு முன்னால் அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழாக்களில் வாசிக்கிற அவனுடைய வாழ்க்கைக் குறிப்பு சென்னையில்தான் ஆரம்பிக்கும். கவிஞர், விமர்சகர், பதிப்பாசிரியர் மரிய ஜோசப் ராயப்பன்பட்டி வாத்தியார் மகன். உத்தமபாளையத்தில் நானும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தோம். படிப்பு முடிந்த வருஷம் இருவருமாகக் ‘கல்லுக்கால்’ என்று ஒரு சிறுபத்திரிகை தொடங்கினோம். திராட்சைப் பந்தலைத் தாங்குகிற கல்தூண்களை நினைத்து அந்தப் பெயரை வைத்தது நான். இதை எந்தப் பேட்டியிலும் அவன் சொன்னதில்லை, ஊரில் நண்பர்களோடு ஒரு பத்திரிகை நடத்தினேன் என்பான். அந்த நண்பர்கள் நான் ஒருவன்தான்.

கம்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்று எங்களுக்கும் அடித்துக் கொடுத்தது. முகூர்த்தம் உள்ள மாதத்தில் உள்ளேயே விடமாட்டார்கள். அதனால் அட்டையில் காலாண்டிதழ் என்று போட்டிருந்தாலும் ஆடியிலும் மார்கழியிலும்தான் இதழ் வரும். உலகத்துக்கு ஆகாத மாதமெல்லாம் நமக்கு விசேஷம்லே பாண்டி என்று ஜோசப் சிரிப்பான். நம் தோட்டத்துப் பந்தலுக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு, தாத்தா பார்க்காத நேரம் ஒரு குலையைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டே புரூப் பார்ப்பான். மஞ்சப்பையில் இதழ்களோடு பஸ்ஸில் போவோம். கல்யாணம் எந்த ஊர்லப்பா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், இது கருமாதிப் பத்திரிகைங்கய்யா, தமிழுக்கு என்று முகம் மாறாமல் சொல்வான். அவ்வளவு சிரித்த காலம் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. இதை அவனிடம் சொல்லிவிடாதே.

முதல் இதழில் உன் தாத்தாவைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதியிருந்தேன். அதன் கடைசி வரியை ஜோசப் அடித்தான். ஏலே, மத்த வரியெல்லாம் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்குது, இது மட்டும் மைக்கைப் பிடிக்குது என்றான். அந்த வரி போனால் கவிதையே வேண்டாம் என்று சண்டை போட்டேன். அச்சாகி வந்தபோது கவிதை இருந்தது, வரி இல்லை. பிறகு அவன் சென்னைக்குப் போய் ஒரு தினசரியில் பிழை திருத்தினான், அதன் ஞாயிறு மலரைப் பார்த்துக்கொண்டான், முதல் தொகுப்பில் பேர் வாங்கினான். விமர்சனம் எழுத ஆரம்பித்ததும் புத்தகம் போட்டவர்கள் எல்லாம் பயந்தார்கள். கோம்பை நாய் மாதிரி, பாய்வதற்கு முன்னால் சத்தமே வராது. என் ஒரே புத்தகத்துக்கும் மதிப்புரை எழுதினான், அதில் இன்றும் எனக்கு மனப்பாடமாக இருக்கிற வாக்கியம், பாண்டீஸ்வரன் மிக நல்ல வாசகர் என்பது. கவிதைத் தொகுப்புக்கு இப்படி ஒரு பாராட்டு. அதற்குப் பிறகு நான் எழுதவில்லை, அவனோடு பேசவும் இல்லை. அவனுக்கு விருது கொடுத்தபோது நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என்னிடம் வந்து வாழ்த்துச் சொன்னார்கள், உங்க ஃபிரண்டாமே சார் என்று.

அதனால் அவன் திருத்தி நீ அனுப்பிய பக்கங்களைக் கையில் எடுத்தபோது, பழிதான் வாங்கியிருப்பான், பிடித்துவிடலாம் என்று ஆசையோடுதான் உட்கார்ந்தேன். பிடிக்க முடியவில்லை. மதுரை விமான நிலையத்தில் அம்மா நின்றதை எழுதியிருக்கிறாயே, அதில் கண்ணீர் என்று வருகிற இடத்தை எல்லாம் எடுத்துவிட்டான், இப்போது அதைப் படித்தால் பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வெட்டும் அப்படித்தான். உன் மேல் இல்லை, அவன் மேல்தான் எரிச்சல் வந்தது. நான் முணுமுணுத்ததைக் கேட்ட அம்மா, கொடியை வெட்டுனா மட்டும் தளிருது தளிருதுன்னு ஊரெல்லாம் சொல்லுவீக என்றாள்.

பிறகு அந்தத் தோட்டத்துக் கவிதை. ‘பந்தல் போட்டவன் வெயிலில் நிற்கிறான்’ என்று எழுதி, அதற்குக் கீழே அதை விளக்கியும் இருக்கிறாய். விளக்கத்தை அடித்துவிட்டு அந்த வரியோடு கவிதையை முடித்திருக்கிறான். ஓரத்தில், இது உன் அப்பாவின் வரி, அவனிடம் கேட்டுவிட்டுப் போடு என்று எழுதியிருக்கிறான். அப்படியென்றால் என்ன என்று கேட்டாயே, சொல்கிறேன். தோட்டத்தில் நான் வாய்க்குள் சொல்லிக்கொள்வதைக் கேட்டு, ஊரில் வழங்குகிற பேச்சு என்று நினைத்திருப்பாய். அது என் கவிதையின் கடைசி வரி. அவன் அடித்தது அதைத்தான். எங்கேயும் அச்சாகாத வரி அது, அதை எழுதியது நான் என்பது என்னையும் அவனையும் தவிர யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்று எறிந்தவன் இத்தனை வருஷம் அதை மண்டையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அன்றைக்குக் கவிதையின் முடிவில் நிற்கத் தகுதி இல்லாதது இன்றைக்கு எப்படித் தகுதியானது என்று அவனைக் கேட்க வேண்டும். அம்மாவிடம் காட்டினேன். ஓரத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, உங்க வரியில இப்பவாச்சும் ஒண்ணை மிச்சம் வச்சாகளே என்றாள்.

ஆகவே திரும்ப வாங்காதே. எல்லா வெட்டையும் ஒப்புக்கொண்டு இன்றைக்கே பதில் போடு. அந்த வரி இனி உன்னுடையது, நன்றி என்று என் பெயரை எங்கேயும் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலையைக் குறைத்துக்கொள். எழுத்தும் உடம்பும் சேர்ந்தே வளர எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே. அப்பாவிடம் கேட்டேன், சம்மதித்தார் என்று அவனுக்கு எழுதும்போது, கேட்க வேண்டியது நான் இல்லை, நீங்கள்தான், அப்பாவின் போன் நம்பர் மாறவில்லை என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள். அதையும் வெட்டுகிறானா பார்ப்போம்.

உன் அப்பா,
பாண்டீஸ்வரன்